மாட்டுக்காரனை விற்றுவிடாதே

நார்விச்,
அக்டோபர் 12.

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதையும், கண்ணாடி அறையில் வைத்து வளர்த்த முருங்கை இந்த ஆண்டும் குளிர் தாங்காமல் பட்டுப்போனதையும் கமலாவுக்குப் படித்துக் காட்டினேன். முருங்கையைப் பற்றி அவள் சொன்னதை எழுதினால் நீ வருத்தப்படுவாய்; ஆகவே விட்டுவிடுகிறேன். என் முழங்கால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. குழி தோண்ட மண்டியிட முடிகிறது, எழுந்திருப்பதுதான் தனிக்கதை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிப் போகும்போது உன்னிடம் கொடுத்துவிட்டுச் சென்ற டெசோரோ வக்கேரோ மெட்டல் டிடெக்டரை விற்றுவிட்டு, திரையில் எண் காட்டும் புதிய கருவி ஒன்றை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு இரண்டு காரணம் சொல்கிறாய்: செய்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, பையிலிருந்து எடுத்துக் காட்டிய பத்து பென்ஸ் நாணயத்துக்குக்கூடக் கருவி வாய் திறக்கவில்லை. முதலாவது உண்மை. இரண்டாவதில் குற்றவாளி கருவி அல்ல, நாணயம்.

அந்தப் பத்து பென்ஸின் ஆண்டைப் பார். 2012 முதல் வெளிவந்த ஐந்து பென்ஸும் பத்து பென்ஸும் நிக்கல் பூசிய எஃகு. ஒரு பென்னியும் இரண்டு பென்ஸும் 1992 முதலே செம்பு பூசிய எஃகு. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்கும் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். ஆணியைக் கண்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட கருவி, நாணய வேடமிட்ட எஃகைக் கண்டு வாயை மூடியிருக்கிறது. அதைப் பாராட்டுவதை விட்டுவிட்டு விற்கப் பார்க்கிறாய். சோதிக்க வேண்டுமானால் 1992-க்கு முந்தைய இரண்டு பென்ஸ் ஒன்றையும், 1920-க்கும் 1946-க்கும் இடையில் அடித்த ஆறு பென்ஸ் ஒன்றையும் எடுத்துக்கொள். முன்னது வெண்கலம், பின்னதில் பாதி வெள்ளி. சோதனையை மேசைமேலும் செய்யாதே, வீட்டுக்குள்ளும் செய்யாதே. மேசையில் திருகாணி இருக்கும், சுவருக்குள் மின்கம்பி ஓடும். கருவியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், தரைக்கு மேல் வீசும் வட்டத் தலை, அதாவது காயில், வானத்தைப் பார்க்கும்படி திருகாணி இல்லாத ஒரு மர பெஞ்சின்மேல் சாய்த்து வைத்து, கையிலிருக்கும் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, நாணயத்தை அதன் முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்.

டெசோரோவை ஜாக் கிஃபர்டு 1980-இல் தொடங்கினார். அரிசோனா மாநிலத்தின் பிரெஸ்காட் ஊரில் கருவிகளைச் செய்தார்கள். முதலில் வாங்கியவருக்கு ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதம் தந்த அந்த நிறுவனம் 2018-இல் கதவை மூடியபோது, உத்தரவாதத்தின் ஆயுளும் முடிந்தது. ஸ்பானிய மொழியில் டெசோரோ என்றால் புதையல், வக்கேரோ என்றால் மாட்டுக்காரன். கரூரில் பிறந்த எனக்கு இந்தப் பெயர்தான் முதலில் பிடித்தது. உதிரிப் பாகம் கிடைப்பது கடினம் என்பதால், இனி இதை வைத்திருப்பவனே இதற்கு மெக்கானிக். பயப்படாதே, பெரும்பாலான நோய்கள் பெட்டிக்கு வெளியேதான் இருக்கின்றன.

முதலில் பேட்டரி. ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியில்தான் இது ஓடுகிறது. மலிவான கார்பன் பேட்டரியைப் போடாமல் நல்ல ஆல்கலைன் பேட்டரியாகப் போடு. அது கவ்வும் இரண்டு பித்தளைப் பொத்தான்களில் பச்சை பூத்திருந்தால் சுரண்டித் துடைத்துவிடு. பிறகு, காயிலிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளைத் தண்டில் இறுக்கமாகச் சுற்று. அது தளர்ந்து காயிலுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தால், அதற்குள் இருக்கும் செம்புக் கம்பியையே கருவி ஒரு பொருளாக எண்ணிக் கத்தும். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, இருபது முறை முழுதாகத் திருப்பு. உள்ளே மின்பலகையில் இருக்கும் சிறு திருகுகளை மட்டும் தொடாதே. அவற்றைச் சரிபார்த்துத் தர இனி பிரெஸ்காட்டில் யாரும் இல்லை.

என் மடமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முழு இலையுதிர் காலமும் என் கருவி காரணமில்லாமல் இரைந்துகொண்டே இருந்தது. கருவியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் சென்சிடிவிட்டியைக் குறைத்தேன், பேட்டரியை மாற்றினேன், ஹெட்போனைச் சந்தேகித்தேன், இரவல் காயில்கூட வாங்கி மாட்டிப் பார்த்தேன். இரவல் காயிலில் இரைச்சல் இல்லை என்றதும் என்னுடையது செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கேட்ட விலையைக் கொடுத்துப் பழைய காயில் ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். அது வருவதற்கு முன், கழுவலாமே என்று காயிலுக்கு அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி ஈரமண்ணும், அதோடு கலந்த கறுத்த இரும்பு மணலும் கூழாகக் கிடந்தன. காயில் நகரும்போதெல்லாம் அந்தக் கூழும் உள்ளே நகர்ந்திருக்கிறது. உறையைக் கழுவிக் காயவைத்து மாட்டியதும் கருவி ஊமையானது. இப்போது என்னிடம் இரண்டு காயில் இருக்கிறது, அதைப் பற்றிக் கமலாவிடம் பேசுவதில்லை.

இனிமேல்தான் உண்மையான வேலை. வக்கேரோவின் பலமே, மண்ணுக்கு ஏற்ப அதைக் கையால் சரிசெய்துகொள்ளலாம் என்பதுதான். மண்ணிலும் இரும்பு இருக்கிறது. அந்தக் குரலை அடக்கினால்தான் ஆழத்தில் கிடப்பதன் குரல் கேட்கும். உலோகம் இல்லாத ஓர் இடமாகப் பார்த்து, எல்லா உலோகத்தையும் கேட்கும் நிலையில் கருவியை வைத்து, திரெஷோல்ட் குமிழைத் திருப்பி, கொசு தூரத்தில் பறப்பது போன்ற மெல்லிய ரீங்காரம் கேட்கும்படி செய்துகொள். பிறகு காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு இரண்டு விரற்கடை மேலே வரை இறக்கி ஏற்று. இறங்கும்போது ரீங்காரம் உயர்ந்தால் கிரவுண்ட் குமிழை இடப்பக்கம் சற்றுத் திருப்பு, அமுங்கினால் வலப்பக்கம். ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே குரல் வரும்வரை இதைச் செய்து, கடைசியில் இறங்கும்போது மிக இலேசாக உயரும் அளவுக்கு வலப்பக்கம் ஒரு மயிரிழை விட்டுவை. சிறிய பொருள்கள் தவறாமல் இருக்க அது உதவுகிறது. இந்தக் கருவியில் இந்தச் சரிசெய்தல், ஆணி போன்ற வேண்டாததை ஒதுக்கும் நிலையான உலோகம் பிரிக்கும் நிலைக்கும் சேர்த்தே வேலை செய்வதால், திரும்பி அந்த நிலைக்குப் போகிறோமே என்று இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வயலின் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வந்தாலும், நேற்று மழை பெய்திருந்தாலும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்.

அடுத்தது, நீ முக்கால் பங்கு திருப்பி வைத்திருப்பதாக எழுதியிருக்கும் டிஸ்க் குமிழ், அதாவது வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் குமிழ். குப்பை வேண்டாம், காசு மட்டும் வேண்டும் என்று எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தக் குமிழுக்குக் குப்பை எது, காசு எது என்று தெரியாது. எந்த உலோகம் மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, எவ்வளவு தடிமனானது என்பவை கலந்த ஒரு வரிசைதான் அதற்குத் தெரியும். அந்த வரிசையில் பானக் குவளையின் இழுப்பு வளையமும் பெண்களின் மெல்லிய தங்க மோதிரமும் பக்கத்துப் பக்கத்து வீடு. வளையத்தை விரட்டினால் மோதிரமும் போய்விடும்.

போன செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். கோதுமை அறுத்து அரிதாள் மட்டும் நிற்கும் வயலில், ஆணிகள் மட்டும் அமுங்கும் அளவுக்குக் குமிழை வைத்து நடந்துகொண்டிருந்தேன். ஓர் இடத்தில் சத்தம் என்று சொல்லக்கூட முடியாத ஒரு முனகல். காயிலை நகர்த்தாமல் அங்கேயே குறுகலாக ஆட்டிக்கொண்டு கட்டைவிரலால் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். மெல்லிய தகரத்தாள் இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே போனதும் குரல் உடைந்து நின்றுவிட்டது. தகரத்தாள்தான் என்று எண்ணிக்கொண்டே நான்கு அங்குலம் தோண்டினேன். உள்ளங்கையில் எடுத்த மண்ணாங்கட்டியைப் பிளந்தபோது, என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக, பீட்சாத் துண்டு போல இரண்டு நேர்க்கோடும் ஒரு வளைவுமாகச் சாம்பல் நிறத் தகடு ஒன்று தெரிந்தது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்து வெள்ளிப் பென்னியின் கால் பங்கு. 1247-இல் வந்த அந்தப் பென்னியில் சிலுவை விளிம்பு வரை நீளும். அதன் வழியே வெட்டிச் சில்லறையாக்கிக்கொண்டார்கள். முதலாம் எட்வர்டு 1279-ஐ ஒட்டி வட்டமான கால் பென்னி நாணயமான ஃபார்திங்கை அடிக்கும்வரை இதுதான் அவர்களுக்குக் காலணா. முழுப் பென்னியே ஏறத்தாழ 1.4 கிராம்தான், அதில் கால் பங்கை உன் முக்கால் குமிழ் எப்படிக் காட்டும்?

திரையில் எண் இல்லையே என்கிறாய். எண்ணுக்குப் பதில் உனக்குக் காது இருக்கிறது, கட்டைவிரல் இருக்கிறது. நல்ல பொருள் எந்தத் திசையிலிருந்து வீசினாலும் உருண்டையாக, முனைகள் மழுங்கிய ஒற்றைக் குரலில் சொல்லும். ஆணி ஒரு பக்கம் வீசும்போது பாடும். நீ கால் வட்டம் சுற்றி வந்து குறுக்கே வீசினால் கிறீச்சிட்டு நொறுங்கும். ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசும் அப்படியே செய்யும் என்பதால், ஐயம் வந்தால் தோண்டிவிடுவது என் வழக்கம். குதிரை லாடமும் கலப்பைக் கொழுவும் மட்டும் எந்த நிலையிலும் தங்கமாகப் பாடும். காயிலை ஓரடி உயர்த்திப் பார், அப்போதும் குரல் குறையவில்லை என்றால் பெரிய இரும்பு. ஒலி அளவைக் குறைத்து ஏற்ற வசதியுள்ள ஹெட்போன் ஒன்றைக் கட்டாயம் வாங்கு, புதிய கருவிக்கு நீ எடுத்துவைத்த பணத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது.

நடக்கும்போது காயிலைத் தரைக்கு இணையாக, அரிதாளை உரசும் உயரத்தில் பிடி. வீச்சின் இரு முனையிலும் ஊஞ்சல் போல அதை மேலே தூக்கிவிடாதே. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடட்டும்.

அனுபவசாலிகள் 'சூப்பர் டியூன்' என்று சொல்லும் வித்தை ஒன்று உண்டு. உலோகம் பிரிக்கும் நிலையில் வைத்துக்கொண்டு திரெஷோல்டை மிக உயர ஏற்றிவிட்டு, கருவி பிதற்றாத எல்லை வரை மட்டும் சென்சிடிவிட்டியைக் கொடுப்பது. ஆழத்திலிருந்து வரும் மெல்லிய முனகல்கள் உரக்கக் கேட்கும் என்பது மெய்தான். ஆனால் ஆணி நிறைந்த பழைய பண்ணைவீட்டு மனையில் அது சந்தைக்கடை இரைச்சலாகிவிடும். சுத்தமான மேய்ச்சல் நிலத்துக்கு மட்டும் வைத்துக்கொள். மேய்ச்சல் நிலத்தில் ஏறத்தாழ நொடிக்கொரு முறை டிக், டிக் என்று கேட்டால் அது புதையல் அல்ல, மாட்டுக்குப் போட்ட மின்வேலி. கருவி ஏறத்தாழ நொடிக்கு 14,500 முறை அதிரும் அலையில் வேலை செய்கிறது; அதைச் சற்று மேலும் கீழும் நகர்த்த ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது, மூன்று நிலையையும் போட்டுப் பார். கைப்பேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தோள்பையில் போடு.

பழைய கருவியால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். 2009 ஜூலையில் ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஹாமர்விச் ஊருக்கு அருகே உழுத வயல் ஒன்றில் கிடைத்த ஆங்கிலோ-சாக்ஸன் குவியலை நினைத்துக்கொள். ஏறத்தாழ 4 கிலோ தங்கம், மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. அதைக் கண்டவர் கையிலிருந்தது 14 ஆண்டுப் பழைய கருவி. உனக்கும் எனக்கும் அப்படிக் கிடைக்கப் போவதில்லை, ஈயக் குண்டும் பொத்தானும்தான் கிடைக்கும். கருவியின் வயது காரணம் ஆகாது என்பதற்காக மட்டும் சொன்னேன்.

நிலச் சொந்தக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்காமல் எங்கும் இறங்காதே; பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிய ஒப்புதல் இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். புதையல் என்று தோன்றுவதை 14 நாளுக்குள் அறிவித்தாக வேண்டும். என் கால் பென்னி தனி நாணயம் என்பதால் சட்டப்படி புதையல் ஆகாது. ஆனாலும் மாவட்டத்தில் இதற்கென்று இருக்கும் அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்துவிட்டேன். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு கிடைக்கும் நம் ஊருக்கு இந்தக் கருவியைக் கொண்டுபோகலாமா என்று என் தம்பி மகன் கேட்கிறான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் அறிவிக்கச் சொல்லும் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இருக்கிறது, நீ பேசாமல் படி என்று எழுதிவிட்டேன்.

நான் போகும் வயலில் இந்த மாதக் கடைசியில் குளிர்காலக் கோதுமை விதைக்கப் போகிறார்கள். அதற்குமுன் ஒரு சனிக்கிழமை கிளம்பி வா. உன்னையும் அழைத்து வரலாம் என்று நிலக்காரர் சொல்லிவிட்டார். வக்கேரோவை எடுத்து வா. குமிழ்கள் இப்போது இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும், எதையும் திருப்பாதே. அந்தக் கால் பென்னியை அரிதாளுக்கிடையே வைத்துவிட்டு, உன் நிலையில் ஒருமுறையும் என் நிலையில் ஒருமுறையும் கேட்போம். பேட்டரியை மட்டும் இன்றே கழற்றி வை, ஒழுகிவிடும்.

அன்புடன்,
சுந்தரம்