கொலு கிராமத்தின் மோட்டார் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரிக்காகப் பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்கும் நேரம் இது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் படிகளை ஒட்டி அசையும் கிராமமும் வைக்கிறார்கள். ராட்டினம் சுற்றும், செக்குமாடு நடக்கும். இவற்றைப் பெரும்பாலும் ஓட்டுவது, வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சின்ன ‘சிங்க்ரனஸ்’ மோட்டார். போன வருஷம் அமைதியாக ஓடியது இந்த வருஷம் கடகடத்தால், உடனே மோட்டாரைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைப் பலகையிலிருந்தும் பொம்மைக் கம்பியிலிருந்தும் கழற்றுங்கள். வயர் முனைகளில் டேப் சுற்றி, மடித்த துணிமேல் வைத்துத் தனியாக ஓடவிடுங்கள். சத்தம் அடங்கினால் மோட்டார்மேல் குற்றமில்லை. உள்ளே காலியாக இருக்கும் பிளைவுட் பெட்டி, சின்ன அதிர்வையும் தவில்போலப் பெருக்கிக் காட்டும். பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, திருகுக்கு மேலும் கீழும் வாஷராகப் போடுங்கள். திருகை ரப்பர் நசுங்கும்வரை முறுக்கக் கூடாது. ஆத்தங்குடிக் கல் தரையானால் பெட்டியின் நான்கு மூலைக்கும் ரப்பர் கொடுங்கள்.

தனியாக ஓடும்போதும் சத்தம் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். லேபிளில் 5/6 ஆர்பிஎம் என்றிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 5 சுற்று (6 என்பது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு), அதாவது 12 விநாடிக்கு ஒரு சுற்று. 12 விநாடிக்கு ஒரு முறை ‘டக்’ என்றால் வெளித்தண்டின் பல்சக்கரத்தில் பல் போயிருக்கிறது. அதைவிட அடுத்தடுத்துக் கேட்டால் உள்சக்கரத்தில். குழந்தைகள் ராட்டினத்தைக் கையால் சுற்றுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். வெளியிலிருந்து கொடுக்கும் விசை முழுவதும் உள்ளேயிருக்கும் பொடிப் பற்கள்மேல் இறங்குகிறது. விடாமல் ‘கரகர’ என்றால், பரண் சூட்டில் கிரீஸ் காய்ந்திருக்கும். மெல்லிய ‘உர்ர்’ இந்த வகை மோட்டாரின் இயல்பு.

கிரீஸ் காய்ந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, பழைய பிசுக்கை உலர்ந்த பிரஷ்ஷால் எடுத்து, பாசிப்பயறு அளவு சிலிக்கான் கிரீஸ் பற்களில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகித் தூசியை இழுக்கும். மண்ணெண்ணெய் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடலாம். இரண்டும் வேண்டவே வேண்டாம்.

மாடு முன்னும் பின்னுமாகத் தடுமாறினால் வழியில் ஏதோ தட்டுகிறது. இந்த மோட்டார் தடைபட்டால் எதிர்த்திசையில் திரும்பிவிடும். வைக்கோல், பூச்சரம், நூல் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் மாட்டுவதும் வீண். வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது, ரெகுலேட்டரால் இழுவைதான் குறையும்.

அடாப்டரில் ஓடும் செட் வேறு ரகம். 4.5 வோல்ட் கேட்பதற்கு 9 வோல்ட் கொடுத்தால் தறிகெட்டுச் சுற்றிச் சத்தமிட்டு, கடைசியில் கருகிவிடும்.

பல் உடைந்த மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். வோல்ட், வாட், ஆர்பிஎம், தண்டின் வடிவம் நான்கும் ஒத்திருக்க வேண்டும். பொம்மைக் கடைக்காரர்கள் முழுச் செட்டோடு இந்த மோட்டாரையும் தனியாக விற்க முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி