கேணிப் படியில் கைபேசி வேண்டாமே

ஆசிரியருக்கு,

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் கேணியில் அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்களை, ஒரு வார்த்தை கேட்காமல் வீடியோ எடுத்து உடனே முகநூலில் போடுகிறார்கள். சரி, திருவிழாவை எடுக்கட்டும், அழுகிற முகம் எதற்கு? 2004 சுனாமியில் உடல்கூடக் கிடைக்காதவர்களின் பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். போரில் காணாமல்போனவர்களின் வீட்டாருக்கோ திதியே தெரியாது, எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும் (எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு அம்மா இருக்கிறா). அப்படிப்பட்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, போனவரைப் பற்றிப் பேசுங்கள், 'இத்தனை வருஷமாச்சு, இன்னுமா' என்று மட்டும் கேட்காதீர்கள். கேணியடியில் படம் எடுக்க வேண்டாமென்று அன்றைக்காவது ஒலிபெருக்கியில் சொன்னால் நல்லது.

ஒரு வாசகர்,
மட்டக்களப்பு