ஞாயிறு போட்ட தளத்துக்குத் திங்கள் தண்ணீர் யார் ஊற்றுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டச் திருச்சபை மக்கள் இறங்கினால் ஆள் பஞ்சம் வராது. நாள் பஞ்சம்தான் வரும். ஞாயிறு ஆராதனை முடிந்து வருபவர்களை வைத்து மணல் சலிக்கலாம், செங்கல் நனைக்கலாம். கூரைக்குக் கான்கிரீட் தளம் போட முடியாது.

தமிழக அரசின் வீட்டுத் திட்டமான கலைஞர் கனவு இல்லத்தின் அளவையே எடுத்துக்கொள்வோம்: 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். 5 அங்குலக் கனத்துக்கு 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஏறத்தாழ 29 மூட்டை சிமென்ட் பிடிக்கும். காலையில் தொடங்கி ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்திச் சாப்பிடப் போனால் அந்த ஒட்டில்தான் மழைக்கு ஒழுகும். கலவை இறுகுகிறதென்று ஆளாளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம். மூட்டைக்கு 25 லிட்டர், அவ்வளவுதான். கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் கட்டைகள் வைத்தும், ஆர்வத்தில் நாலு பேர் மிதித்தால் கம்பி, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிவிடும். நடக்கத் தனிப் பலகை போடுங்கள்.

அப்புறம் நம்ம காரைக்குடி வெயில்! தளம் நன்றாக இறுக, அதன்மேல் பாத்தி கட்டிப் பத்து நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும். ஜல்லி இறக்கும் முன்பே தண்ணீர் ஊற்றுபவர்களின் முறைப்பட்டியலை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். தளத்தைத் தாங்கும் முட்டுகளை எப்போது பிரிப்பது என்பதைக் கொத்தனார் சொல்லட்டும்.

– கட்டட மேற்பார்வையாளர்கள், தேவகோட்டை