உள்ளே தள்ளி உட்கார்ந்த அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து எங்களைத் தாங்கியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நேற்று மாலை மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. நம் சபையைப் பக்கத்துச் சபையோடு இணைக்கும் யோசனை கைவிடப்பட்டிருக்கிறது. தனிச் சபையாகவே தொடரலாம். செயலர் ஐயா போனில் வாசித்துக் காட்டினார். அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். நான் கேட்பேன் என்று தெரிந்தே காத்திருந்தவர் போலச் சிரித்துக்கொண்டே வாசித்தார்.

போன வருஷங்களில் என்னென்ன நடந்தது, யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், எந்தக் கூட்டம் எப்படிக் கலைந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது ஆண்டறிக்கை மாதிரி ஆகிவிடும்.

முதலில் அந்த அம்மாவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போடாவிட்டாலும் சபையில் எல்லோருக்கும் தெரியும்.

ஆட்கள் குறைந்துபோன சபையில் ஞாயிறு காலை எப்படி இருக்கும் என்பது அதில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும். ஆலயம் பெரியது, வருபவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பேரும் அவரவர் பழைய இடத்திலேயே உட்காருவார்கள். நடுவில் இருந்தவர்கள் செத்தோ, ஊர் மாறியோ, கோபித்துக்கொண்டோ போன பிறகும் மிச்சம் இருப்பவர்கள் நகர மாட்டார்கள். அங்கே ஒருவர், இங்கே இருவர், தூணுக்குப் பின்னால் ஒரு குடும்பம். அப்படிச் சிதறி உட்கார்ந்தால் பாட்டு எழும்பவே எழும்பாது. தன் குரல் மட்டும் தனக்குக் கேட்பதால் கூச்சம் வந்து ஒவ்வொருவரும் குரலைக் குறைப்பார்கள். எல்லோரும் குறைத்ததும் ஆர்கன் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். தப்பித்தவறி உள்ளே வருகிற புதியவருக்கு, நம்மை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.

எல்லோரும் முன்னால் வந்து சேர்ந்து உட்காருங்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். அறிவிப்பில் சொன்னேன். பின் பெஞ்சுகளுக்குக் குறுக்கே கயிறு கூடக் கட்டினேன். அடுத்த ஞாயிறு கயிற்றைக் காணோம். சபைக் கூட்டத்தில் இந்த அம்மாவே எழுந்து, "இடம் மாறி உக்காந்தா சபை வளந்துருமா ஐயா?" என்று கேட்டார்கள். கூட்டம் சிரித்தது. அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர்கள் இடம் வலது பக்கம், ஜன்னலை ஒட்டி, பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு. அவர்களுடைய கணவர் அந்த பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவார். அவர் போன பிறகும் அந்த ஓரத்தைக் காலியாக விட்டு, அதற்கு அடுத்த இடத்தில்தான் அம்மா உட்காருவார்கள். பலகையில் அந்த இரண்டு இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். இதை விட்டு அவர்கள் எழுந்து வருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிறு, முதல் பாட்டுக்கு முன்னால், எழுந்தார்கள். வேதாகமப் பையையும் சின்ன மெத்தையையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார்கள். உடம்புக்கு ஏதோ முடியவில்லை போல என்று நினைத்து நான் பீடத்திலிருந்து இறங்கக்கூடப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததோடு விடவில்லை. ஓரத்தை விட்டு உள்ளே நகர்ந்தார்கள், அப்புறம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்கள். நடுப்பாதையை ஒட்டிய இடம் மூன்று பேர் உட்காரும் அளவுக்குக் காலியாயிற்று.

ஆராதனை முடிந்ததும் கேட்டேன். "புதுசா வர்றவங்க ஓரத்துலதான் உக்காருவாங்க ஐயா. நம்ம காலைத் தாண்டி உள்ள போகணும்னா அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. எனக்கென்ன, நான் உள்ள தள்ளி உக்காந்துக்குவேன்." அவ்வளவுதான். என் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சபை வளருமா என்று அன்று கேட்ட கேள்வியைப் பற்றியும் இல்லை. நானும் நினைவூட்டவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் நடந்தது நீங்கள் பார்த்ததுதான். அம்மாவே போய்விட்டார்கள் என்றதும் அவர்களுக்குப் பின்னால் உட்காருபவர்களுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஒரு குடும்பம் வந்தது, அப்புறம் தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள். இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தவர்களும் வேறு வழியில்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருப்பவரிடம் பாட்டுப் புத்தகத்தைக் கேட்காமல் எத்தனை வாரம் ஓட்ட முடியும்?

அந்த ஓர இடத்துக்கு ஆள் வரவும் அதிக நாள் ஆகவில்லை. கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி, ஆராதனை தொடங்கிப் பாதியில் வந்தார்கள். குழந்தை அழுதால் வெளியே போக வசதியாக ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்து, யார், எங்கிருந்து, என்ன வேலை என்று எதுவும் கேட்கவில்லை. தன் புத்தகத்தில் பாட்டு எண்ணைப் புரட்டி, விரலை வரியில் வைத்து, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார்கள். தான் மனப்பாடமாகப் பாடினார்கள். குழந்தை அவர்கள் புடவையை உதைத்துக்கொண்டே இருந்தது, அம்மா நகரவே இல்லை. இன்று அந்த அப்பா ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுக்கிறார்.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்குச் சார்லஸ் சிமியோன் ஞாபகத்துக்கு வந்தார். 1782-ல் கேம்பிரிட்ஜ் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்குப் போதகராக நியமிக்கப்பட்டவர். சபையார் வேறொருவரைத்தான் விரும்பினார்கள். அந்தக் காலத்து ஆலய இருக்கைகள் குடும்பங்களுக்குச் சொந்தம் போல, கதவும் பூட்டுமாக இருக்கும். அவர்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டு வராமலே இருந்துவிட்டார்கள். பிரசங்கம் கேட்க வந்த மற்றவர்கள் நடுப்பாதையில் நின்றார்கள். சிமியோன் சொந்தச் செலவில் பெஞ்சுகள் வாங்கிப் போட்டார், ஆலயப் பொறுப்பாளர்கள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். வருஷக்கணக்கில் எதிர்ப்பு ஓயவில்லை. ஆனாலும் அவர் அங்கேயே இருந்தார். 1836-ல் இறக்கும்வரை, 54 வருஷம். இந்தியாவுக்கும் பாரசீகத்துக்கும் போன மிஷனரி ஹென்றி மார்ட்டின் அவரிடம் உதவிப் போதகராக இருந்தவர்தான்.

சிமியோனின் பொறுமையைப் பற்றி எங்களைப் போன்ற போதகர்கள் நிறையப் பேசுவோம், எங்களுக்கு அது ஆறுதல். ஆனால் அந்தச் சபையில் முதன்முதலாகத் தன் இருக்கையைத் திறந்துவிட்டவர் ஒருவர் இருந்திருப்பாரே, அவர் யார் என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவர் திறந்திருக்காவிட்டால் அடுத்தவர் திறந்திருக்க மாட்டார். அவருக்கும் இந்த அம்மாவுக்கும் ஒரே குணம் என்று எனக்கு ஒரு நிச்சயம்.

பேர்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கமிட்டியில் அவர் பெயர் என்னை விரட்டிய விரட்டல் கொஞ்சமில்லை. 1854-ல் 19 வயதில் லண்டன் நியூ பார்க் ஸ்ட்ரீட் சபைக்கு வந்தார், 1,200 பேர் உட்காரும் இடத்தில் கொஞ்சப் பேர்தான் இருந்தார்கள், அப்புறம் இடம் போதாமல் 1861-ல் புது ஆலயமே திறந்தார்கள், நமக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்று கேட்பார்கள். சரி, எனக்கு 19 வயதும் இல்லை, அந்த வரமும் இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தக் கொஞ்சப் பேர் விடாமல் ஜெபித்தவர்கள் என்று ஸ்பர்ஜனே நினைவுகூர்ந்திருக்கிறார். நல்ல பிரசங்கியார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் சபைகள், அவருக்கு முன்பே ஜெபித்துக்கொண்டிருந்தவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் சபையிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு விளக்குப் போடுவதே வீண் செலவு என்று பேச்சு வந்தபோதும் வந்துகொண்டிருந்தவர்களே, உங்களுக்கு நன்றி.

வீடு சந்திப்புக் குழுவுக்கு நன்றி. போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் செய்த வேலையும் பெரும்பாலும் இதுதான். ஏறக்குறைய 800 குடும்பங்கள், அவரும் ஓர் உதவியாளரும் திங்களும் செவ்வாயும் குடும்பம் குடும்பமாகப் பேசினார்கள். ஆலயத்தில் இடம் போதாமல் ஐந்து மேல்மாடங்கள் கட்ட வேண்டிவந்தது. நாம் மேல்மாடம் எதுவும் கட்டவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டோம். வராமல் போனவர்களில் உபதேசத்தில் கருத்து வேறுபட்டுப் போனவர்கள் குறைவு. "வரலைன்னு யாரும் ஒரு வார்த்தை கேக்கல" என்று சொன்னவர்கள்தான் அதிகம். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வாதாடாமல், தண்ணீர் குடித்துவிட்டு, ஜெபித்து எழுந்து வந்தீர்களே, அது லேசான காரியமில்லை.

அங்கத்தினர் பதிவேட்டைத் திருத்தியவர்களுக்கு நன்றி. இறந்தவர்களும், எப்போதோ ஊர் மாறியவர்களும் ஏட்டில் நம்மோடு இருந்தார்கள். அந்தப் பெரிய எண்ணைக் காட்டித்தான் நாம் நன்றாக இருக்கிறோம் என்று நம்மையே ஏமாற்றிக்கொண்டிருந்தோம். சர்தை சபைக்கு வெளிப்படுத்தின விசேஷத்தில் சொன்னது இதே நிலைதான்: பேர் உயிருள்ளது, நிலையோ செத்தது. ஆனால் அந்த மடல் அதோடு நிற்கவில்லை, மிச்சம் இருப்பதை ஸ்திரப்படுத்து என்றும் சொல்கிறது. மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் எதை ஸ்திரப்படுத்துவது?

அப்புறம் மற்றவர்கள். கணக்குப் புத்தகங்களை இரவெல்லாம் உட்கார்ந்து சரிபார்த்த தணிக்கையாளர், சிறுவர் அறைக்கு வண்ணம் அடித்த வாலிபர்கள், ஒழுகிய கூரையில் ஏறியவர்கள், நான் படுத்த படுக்கையாக இருந்தபோது பிரசங்கம் பண்ணிய ஓய்வுபெற்ற போதகர் ஐயா, பண்டிகைக்குப் பாடகர் குழுவைக் கடன் கொடுத்த பக்கத்துச் சபை. நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போவோம். எருசலேமின் மதிலை எடுத்துக் கட்டியவர்களில் தட்டாரும் தைலக்காரரும் இருக்கிறார்கள், சல்லூமோடு அவன் குமாரத்திகளும் இருக்கிறார்கள். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். 52 நாளில் முடிந்தது. தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று ஒரு வரி வருகிறது. ஆனால் அதே ஊர் ஜனங்கள் இரண்டாவது பங்கையும் சேர்த்துக் கட்டினார்கள். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல மாட்டேன், நம் சபையாருக்குப் புரியும்.

பக்கத்துச் சபைப் போதகருக்குத் தனியாக ஒரு நன்றி. நம்மை இணைத்திருந்தால் அவர் சபைதான் பெரிதாகியிருக்கும். அவரே மேலிடத்தில் பேசி நமக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தார். "என் ஆட்களை இழுத்துக்கிட்டுப் போய் வளந்துட்டோம்னு மட்டும் சொல்லாதீங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டில்லை. ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு ஆட்கள் மாறுவதை நானும் வளர்ச்சி என்று எண்ணவில்லை. இந்த வருஷம் ஞானஸ்நானம் பெற்றவர்கள், பல வருஷத்துக்குப் பிறகு திருவிருந்துக்கு வந்து நின்றவர்கள், இவர்களை மட்டும் வைத்துத்தான் நான் சந்தோஷப்படுகிறேன்.

என் வீட்டாருக்கு வீட்டில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அது நீளமானது.

இனிமேல் ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் காணிக்கைக் கணக்கோடு வருகைக் கணக்கையும் வாசிப்பேன். நல்ல மாதமும் வாசிப்பேன், கெட்ட மாதமும் வாசிப்பேன். தொடர்ந்து சில வாரம் ஒருவரைக் காணவில்லை என்றால் நானோ மூப்பர்களில் ஒருவரோ அவர் வீட்டு வாசலில் நிற்போம். இது வாக்கு, தவறினால் கேளுங்கள்.

இதை வாசிக்கிறவர்களில் சிலர் நம்மை விட்டுப் போனவர்கள் என்று தெரியும். சிலர் இப்போது வேறு சபையில் நன்றாக ஊன்றியிருக்கிறீர்கள். அங்கேயே இருங்கள், சந்தோஷம்தான். எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், திரும்ப வந்தால் முகத்தில் எப்படி விழிப்பது என்று தயங்குகிறவர்கள், ஞாயிறு வாருங்கள். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். யாராவது கேட்டுவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் போதகர்