முருகேசனுக்கு, சிகாகோவிலிருந்து

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். வழக்கமான வசவுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம். அக்காவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததா?

எங்கள் எதிர்வீட்டு அம்மையார் வீட்டை விற்றுவிட்டு, அட்லாண்டாவிலுள்ள மகளிடம் போய்விட்டார். அவருடைய பெற்றோர் 1940களில் மிசிசிப்பியின் பருத்திக்காட்டை விட்டு ரயிலேறிச் சிகாகோ வந்தவர்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் அவ்வாறு தெற்கை விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். தொழிற்சாலைக் கூலி அவர்களை இழுத்தது என்றால், நிறவெறிச் சட்டங்களும் கும்பல் கொலைகளும் பின்னாலிருந்து துரத்தின. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1970களிலிருந்தே தெற்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும், "அமெரிக்கர்களுக்குக் காலில் சக்கரம்" என்ற உன் பழைய கேலியைத் தொடங்கிவிடாதே. 1940களின் இறுதியில் ஆண்டுதோறும் ஐந்து பேரில் ஒருவர் வீடு மாறினார் என்பது உண்மை. இப்போது ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் மாறுகிறார். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அதே கவுன்டிக்குள்ளேயே (நம்மூர் மாவட்டம் போன்றது) இருக்கிறார்கள். ஏன் மாறினீர்கள் என்று கணக்கெடுப்பில் கேட்டால், வேலையைவிட வீட்டையே அதிகம் பேர் காரணமாகச் சொல்கிறார்கள்: இன்னும் வசதியான வீடு, சொந்த வீடு, குறைந்த வாடகை.

மக்களுக்கு வயதாகிவிட்டது, கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைப்பது அரிது என்றெல்லாம் விளக்கம் சொல்கிறார்கள், அவையும் சரிதான். என்னை உறுத்துவது வேறு. அக்காலத்தில் ஏழை, கூலி அதிகமுள்ள ஊரைத் தேடிப் போய்ப் பிழைத்தான். இன்று நியூயார்க்குக்குப் போகும் வழக்கறிஞருக்கு வாடகை கொடுத்த பிறகும் லாபம் மிஞ்சுகிறது. அங்கே கட்டடம் பெருக்கப் போகிறவருக்கோ கூடுதலாகக் கிடைக்கும் கூலியையெல்லாம் வாடகையே விழுங்கிவிடுகிறது. புதிய வீடுகள் எழும்பாதபடி விதிகளால் வேலி கட்டிக்கொண்ட செல்வ நகரங்கள், ஏழைக்கு முன்னேறும் வழியை அடைத்துவிட்டன. கலிபோர்னியாவையே பார்: 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின், மக்கள்தொகைக்கேற்ப ஒதுக்கப்படும் நாடாளுமன்ற இடங்களில் ஒன்றைத் தன் வரலாற்றில் முதன்முறையாக இழந்தது, டெக்சஸ் இரண்டு இடங்களைக் கூடுதலாகப் பெற்றது.

நானும் இங்கே மாட்டிக்கொண்டவன்தான். டெக்சஸுக்கு வந்துவிடு என்று மகள் வற்புறுத்துகிறாள். ஆனால் 2021இல் 3 விழுக்காட்டு வட்டியில் எடுத்த வீட்டுக்கடனைக் கைவிட்டு, அதைப்போல் இரு மடங்கு வட்டிக்குப் புதுக்கடன் வாங்க யாருக்கு மனம் வரும்? எனவே பனியை வாரிக்கொண்டு இங்கேயே கிடக்கிறேன்.

சுந்தரத்தின் வரப்பு வழக்கு என்னவாயிற்று என்று மறவாமல் எழுது.

அன்புடன்,
ராமநாதன்