ஸ்கேன் எடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரத்தின் பழைய படங்களையும் தாள்களையும் சேகரித்துவரும் ஆர்வலர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் வரலாறு பத்திரமாகிவிடும் என்ற எண்ணம் அதில் மேலோங்கி இருக்கிறது. ஆவணங்களோடு புழங்குபவர்களால் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவின் நெகட்டிவ்கள் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கவரின் மூலையில் ஓர் எண் இருக்கும். ஸ்டுடியோவின் பேரேட்டில் அதே எண்ணுக்கு நேரே படம் எடுத்துக்கொண்டவர் பெயர், தேதி, எத்தனை பிரதி என்பதெல்லாம் இருக்கும். யாராவது நல்லெண்ணத்தில் கவர்களை எறிந்துவிட்டு, ‘கல்யாணம்’, ‘கடைத்தெரு’, ‘ஊர்வலம்’ என்று பிரித்து அடுக்கினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் எடுத்தாலும் அது பெயர் தெரியாத முகம்தான். வந்த வரிசையைக் கலைக்காதே, ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் கொடுத்ததோடு சேர்க்காதே என்ற இரு விதிகளையும் முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் என்ற மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் 1898-லேயே கையேடாக வகுத்துவிட்டார்கள்.

ஆகவே கைக்கு வந்த தாள்கட்டைப் பிரிக்கும் முன் இருந்தபடியே ஒரு படம் எடுங்கள். யார் கொடுத்தது, எங்கே இருந்தது என்று குறியுங்கள். முதலில் பெட்டிவாரியாகப் பட்டியல் போட்டால் போதும். தாள்வாரியாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கொடுத்தவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதும் அப்போதே நடக்க வேண்டும். படம் கைக்கு வந்ததாலேயே பதிப்புரிமையும் வந்துவிடாது.

துருப்பிடிக்கும் குண்டூசி, ஸ்டேப்பிள், உருகி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் அகற்றி, பருத்தி நாடாவால் கட்டுங்கள். படத்தின் பின்புறம் எழுத மென்மையான பென்சில் மட்டுமே. பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தடிப்பாகத் தெரியும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பேறும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியாகும் அமில ஆவி பக்கத்தில் உள்ள ஃபிலிமையும் கெடுக்கும் என்பதால் உடனே தனியே எடுத்துவைக்க வேண்டும். குளிரில் வைத்தால் சிதைவு மெதுவாகும், நிற்காது. ஸ்கேனில் முன்னுரிமை இவற்றுக்குத்தான்.

ஸ்கேனின் நுணுக்கம் சாதாரணத் தாளுக்கு 300 முதல் 400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), சிறிய படங்களுக்கு 600. மூலக்கோப்பு தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். சுருக்கப்பட்ட ஜேபெக் (JPEG) பார்வைக்கு மட்டும். கோப்புகளை மூன்று பிரதிகளாக வையுங்கள்; அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம், அருகே நடந்த சுரங்க ரயில் பணியால் இடிந்து விழுந்தது. பெரும்பகுதி மீட்கப்பட்டாலும், சிதறிய தாள்களை உரிய இடத்தில் சேர்ப்பது பல்லாண்டு வேலையாகிவிட்டது. நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்; உலர்த்த ஆளோ இடமோ போதாவிட்டால் உறையவைத்துவிட்டுப் பிறகு கவனிப்பதுதான் முறை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய படங்களை வெளியிடும்போது ‘கோப்புப் படம்’ என்று நிறுத்திவிடாமல், எந்தச் சேகரிப்பு, அதில் என்ன எண் என்பதையும் கீழே அச்சிடுங்கள். படத்தில் இருப்பவரை அடையாளம் காணும் வாசகர் அந்த எண்ணைச் சொல்லி எழுதினால், தகவல் நேராகப் பட்டியலில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்