வேன் வேண்டாம், மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் அதே பாடுதான். படி இறங்க என் தோளைப் பிடிக்கிறா. ஃபோனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று கேட்டுவிட்டு நீ நினைத்ததைத்தான் செய்வாய். அதனால் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து படி.

ஓகஸ்டில் நீங்கள் லண்டனிலிருந்து வரும்போது எல்லாரும் ஊர் சுற்ற, வேன்காரர் நாளுக்கு 25,000 ரூபாய் கேட்டதாகச் சொன்னாய். பதினொரு நாளைக்கு 275,000. டிரைவரின் சாப்பாடும் படுக்கையும் வேறு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் ஆறு பேரும் அதே ஊர்களை பஸ்ஸிலும் ரயில் கோச்சியிலும் சுற்றி, இடைக்கிடை ஆட்டோவும் பிடித்தால், அந்தக் காசில் கால்வாசிதான் முடியும். உழைக்கிறவள் நீ, செலவழிக்கிறவளும் நீ. ஆனால் காசுக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை.

போன முறை வந்தபோது வேனில்தானே காலி, மாத்தறை என்று போனோம். ஆறு நாளும் நான் முன் சீற்றில், டிரைவருக்குப் பக்கத்தில். நீங்கள் எல்லாரும் பின்னால். என் பேரப்பிள்ளைகளின் கதையை விட அந்த மனிசன்ட குடும்பக் கதைதான் எனக்கு இன்றைக்கும் நல்லாத் தெரியும். மூன்று பெண்பிள்ளைகள், இளையவளுக்கு மூச்சு முட்டு வருத்தம். சின்னவன் காதில் எதையோ கொழுவிக்கொண்டு படுத்தே கிடந்தான். நடுவில் வாசனைத் தோட்டம் என்று ஓரிடத்தில் இறக்கி, முழங்காலுக்கு எண்ணெய் என்று அம்மாவின் தலையில் ஒரு போத்தலைக் கட்டினார்கள். அது இன்னும் சாமியறை மூலையில் இருக்கிறது. கோச்சியில் போனால் எதிரும் புதிருமாக இருந்து முகம் பார்த்துக் கதைக்கலாம். சோத்துப் பார்சலை ஆளுக்காள் மாற்றிச் சாப்பிடலாம்.

சரி, விசயத்துக்கு வருவம். முப்பத்தொரு வருசம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு வழி சொல்ல மட்டும்தான் தெரியும். கேள். போன வழியால் திரும்பி வரக்கூடாது. வட்டமாகப் போய் வட்டமாக வரவேணும். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை, அங்கிருந்து யாழ்ப்பாணம், மறுகா கண்டி, பண்டாரவளை, பதுளை. பதுளையிலிருந்து ஏ5 றோட்டால் நேரே செங்கலடிக்கு இறங்கினால் வீடு வந்துவிடும். கொழும்புக்கு ஒருக்காலும் போகத் தேவையில்லை.

ஆனால் பயண நாட்களை முடிவு செய்யும்போது திருகோணமலையில் இருந்து தொடங்காதே. கண்டி – பண்டாரவளை கோச்சியில் இருந்து தொடங்கு. அந்த மலைநாட்டுக் கோச்சிக்குத்தான் உலகமே அடிபடுகிறது. ஒதுக்கப்பட்ட இருக்கைகளுக்கு 30 நாள் முந்தித்தான் டிக்கட் திறப்பார்கள். திறந்த கையோடு முடிந்தும் போகும். டிக்கட் இல்லாமல் ஏறினால் இளசுகள் கதவடியில் தொங்கிக்கொண்டு போகலாம், அம்மாவால் மணிக்கணக்காக நிற்க ஏலாது. அதனால் அந்த ஒரு டிக்கட்டை ஆணி அடித்த மாதிரி முதலில் வாங்கிவிட்டு, மற்ற நாட்களையெல்லாம் அதிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் எண்ணுவம். நீ அங்கேயிருந்து ரயில்வே இணையத்தளத்தில் கார்ட்டைப் போட்டுப் பார். நான் இஞ்ச ஸ்டேசன் கவுண்டரில் நிற்கிறேன். உங்களுக்கு நாலரை மணித்தியாலம் முந்தி இஞ்ச விடிகிறது, அதை மறந்து தூங்கிப் போகாதே. எல்லாருடைய பாஸ்போர்ட் இலக்கத்தையும் முன்கூட்டியே எழுதி அனுப்பு. டிக்கட் போடும்போது கேட்பார்கள்.

கிழமையின் நடுவில் ஒரு நாளைப் பிடி. வெள்ளி பின்னேரமும் ஞாயிறு பின்னேரமும் இந்த நாட்டில் பயணம் செய்கிறவனுக்கு விசர். போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாளும் அப்படித்தான். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தின் பத்து நாளும் அந்தப் பக்கம் தலை வைக்க வேண்டாம், அறை வாடகை இரட்டிப்பாகும்.

திருகோணமலைக்குக் கடற்கரை றோட்டால் பஸ். ஏறாவூர், வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை, கதிரவெளி, வெருகல், கிண்ணியா. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்த வழியால் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு பாதை என்கிற மிதவைப் படகில் ஏற வேணும். பாதை வரும் வரைக்கும் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்போம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது. சின்னவனுக்கு அந்த இடம் வந்ததும் காட்டித் தருகிறேன். திருகோணமலையில் இரண்டு ராத்திரி. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்கள் சும்மா மாடு மாதிரித் திரியும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. அம்மாவின் முழங்காலுக்கு அந்தத் தோட்டத்து எண்ணெயை விட இது நல்லது.

அங்கிருந்து யாழ்ப்பாணம் பஸ் ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியால் போகும். நீட்டுப் பயணம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏறமுந்தி பாதி தூரம் போய்விடலாம். வவுனியா ஸ்டாண்டில் நிற்பாட்டும்போது எல்லாரும் இறங்கிப் போய்விட்டு வரவேணும். "எனக்கு வரேல்ல" என்று ஒருவரும் சொல்லக்கூடாது, மருமகனும் சேர்த்துத்தான்.

யாழ்ப்பாணத்தில் மூன்று ராத்திரி. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். கடைசி இரண்டு நாளும் தேரும் தீர்த்தமும். அந்த இரண்டையும் விட்டு முன்னால் போனால் லொட்ஜ் கிடைக்கும், சாமியையும் கண்ணால் காணலாம். ஆம்பிளைகள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போகவேணும் என்று சின்னவனுக்கு இப்போதே சொல்லி வை, அங்கே வந்து வெட்கப்பட்டு அழுவான். அர்ச்சனை டிக்கட் இன்றைக்கும் ஒரு ரூபாய்தான். உன் லண்டன் கணக்கில் அதுக்குப் பைசாவும் வராது. நயினாதீவுக்குக் குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் போய் படகு ஏறலாம். அம்மாவை அதுக்கு இழுக்க வேண்டாம். படகுக்குள் குனிந்து இறங்குவது கஷ்டம். நானும் அவவும் லொட்ஜில் இருப்பம், நீங்கள் நாலு பேரும் போய் வாருங்கள்.

யாழ்ப்பாணத்தை விடும் நாள்தான் எனக்கு முக்கியம். கலியாணம் முடித்த அடுத்த வருசம், 1982 இல், அம்மாவை இஞ்சயிருந்து இரவுக் கோச்சியில் கூட்டிக்கொண்டு போய், மாகோ சந்தி ஸ்டேசனில் இறங்கி, விடியும் வரைக்கும் அங்கே பெஞ்ச் வாங்கில் குந்தியிருந்து, யாழ்ப்பாணம் போகிற யாழ்தேவிக் கோச்சியில் ஏறினேன். அவ அந்த வாங்கில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, புதுச் சீலை கசங்குகிறது என்ற கவலை. 1990 இல் நின்ற கோச்சி 2014 இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் போனது. அதுக்குப் பிறகு அம்மா அந்தக் கோச்சியில் ஏறவே இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து காலைக் கோச்சி. ஆனையிறவு, கிளிநொச்சி, அநுராதபுரம் எல்லாம் பார்த்துக்கொண்டு பொல்காவலையில் இறங்கி கண்டிக் கோச்சிக்கு மாறுவம். அங்கே காத்திருக்க நேரம் கூடவென்றால் குருணாகலிலேயே இறங்கலாம், கண்டிக்கு பஸ் அடிக்கடி இருக்கு. மாகோ வரும்போது என்னை எழுப்பிவிடு.

கண்டியில் இரண்டு ராத்திரி போதும். தலதா மாளிகை, வாவியைச் சுற்றி ஒரு நடை, பேராதனைப் பூந்தோட்டம். மூத்தவள் சீகிரியா கேட்டாள் என்றாய். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரருக்கு ஆளுக்கு 30 டொலருக்கு மேல். நம்முடைய வழியிலும் இல்லை. அடுத்த முறை பார்ப்பம்.

எல்லாரும் பண்டாரவளைக்கு அடுத்த சுற்றுலா ஊரான எல்லவில் தங்கு என்பார்கள். அங்கே எல்லாம் டொலர் விலை. பண்டாரவளை நம்மட சனம் இருக்கிற, சந்தை இருக்கிற டவுன். ஆறு பேருக்கு இரண்டு அறை எடுத்தாலும் கையைக் கடிக்காது. பட்டிப்பொல ஸ்டேசன்தான் இந்த நாட்டிலேயே உயரமானது, 6,000 அடிக்கு மேல். அதைத் தாண்டும்போது ஓகஸ்டிலும் குளிரும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும். இரண்டு ராத்திரி நின்று, மூன்றாம் நாள் காலையில் பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு மூன்றாம் வகுப்பில் ஏறுவம். சில்லறைக் காசு. ஒன்பது வளைவுப் பாலத்துக்கு மேலால் போவதும் அந்தத் துண்டில்தான். தெமோதரையில் கோச்சி ஸ்டேசனை விட்டு வெளிக்கிட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற அதே ஸ்டேசனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழையும். மூத்தவளைப் படம் கீறச் சொல், அப்போதுதான் விளங்கும்.

பதுளையில் ஒரு ராத்திரி. விடிய மட்டக்களப்பு பஸ். பசறை, லுணுகலை வரைக்கும் வளைவுதான், உனக்குச் சின்னதிலிருந்தே பஸ்ஸில் வயிற்றைப் பிரட்டும். முன்பக்கமாக இரு, தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்துக்கொள், காலையில் எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். பிபிலைக்குப் பிறகு றோட் நேராகும், மகா ஓயா தாண்டினால் நம்மட வெக்கை முகத்தில் அடிக்கும்.

பெரிய சூட்கேஸ் எல்லாம் கல்லடியிலேயே நிற்கட்டும். பஸ்ஸில் அதை வைக்க இடமில்லை, அதுக்கும் ஒரு சீற் காசு கேட்பார்கள். முதுகில் கொழுவுகிற பை ஆளுக்கு ஒன்று. அம்மாவினதை நான் தூக்குவேன். பஸ்ஸில் முதல் சீற் மதகுருமாருக்கு, வெறுமையாகக் கிடந்தாலும் பிள்ளைகள் அதில் பாய்ந்து இருக்கக்கூடாது. ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கொண்டக்டர் உன்னை ஒரு பார்வை பார்ப்பார். நூறும் ஐம்பதும் மாற்றி வை. மிச்சத்தை டிக்கட்டின் பின்னால் எழுதித் தந்தால் இறங்கமுந்தி கேட்டு வாங்கு. நம்மட டிப்போ ஆட்களும் அதை மறந்து போகிறவர்கள்தான்.

இரண்டு இடத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. பிள்ளைகளுக்குப் போத்தல் தண்ணீர் வாங்கு. மற்றது, கட்டுநாயக்காவில் இறங்கும் நாள். இரவு முழுக்க நித்திரை இல்லாமல், நாலு சூட்கேஸோடு வருகிற உங்களை பஸ்ஸில் ஏற்ற எனக்கும் மனமில்லை. அன்றைக்கு மட்டும் வேன் பிடி. நான் விமான நிலையத்துக்கு வரவில்லை, வந்தால் திரும்பவும் முன் சீற்தான்.

பஸ் நேரங்களை இப்போது எழுதவில்லை. நீங்கள் வந்த பிறகு ஸ்டாண்டில் போய்க் கேட்டு வைக்கிறது என் வேலை. மருமகனிடம் இதை முழுக்க வாசித்துக் காட்டு. அவருக்குப் பஸ் சரிவராது என்றால் மறைக்காமல் சொல், வேறு விதமாக யோசிப்பம். நாள் முடிவானதும் பாஸ்போர்ட் இலக்கங்களை அனுப்பு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: கோச்சியில் ஜன்னல் பக்கத்தைச் சின்னவனுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லி அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறா. பண்டாரவளை வரைக்கும் கொடுப்பேன். மாகோவில் இல்லை.